தோளில் ஒட்டாத கை

“டீச்சர், என் வேலையில என்னங்க குறை?”

பொன்னுரங்கம் கேட்டார். குரலில் கோபம் இருந்தது. பயமும் இருந்தது.

ரெஹானா டீச்சர் கீழே விழுந்த கையைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

கை என்றால் பொம்மைக் கை. கோயம்புத்தூரில் ஒரு பல் கிளினிக்குக்கு மேல்மாடியில், விரல் உயரப் போர்வீரர்களைச் செய்ய டீச்சர் எங்களுக்குச் சொல்லித் தருகிறார். அவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். எங்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது.

வீரனின் தோளில் ஒரு காந்தம். கையில் ஒரு காந்தம். இரண்டும் மிளகைவிடச் சின்னவை.

ஞாயிற்றுக்கிழமை பெரிய மேசையில் போர் நடக்கும். ஒருவன் விழுந்தால், அவன் கையை வாளோடு கழற்றிப் பக்கத்தில் நிற்பவன் தோளில் மாட்டுவோம். பக்கத்தில் நிற்பவன் யார் செய்தவனாகவும் இருக்கலாம். அதனால் யார் செய்த கையும் யார் செய்த தோளிலும் ஒட்டியாக வேண்டும். ஒட்டாதவருக்கு அந்த மேசையில் இடமில்லை.

அதற்காகவே டீச்சர் ஆளுக்கொரு காந்தக் குச்சி கொடுப்பார். அதன் சிவப்பு முனையால் காந்தத்தை எடுத்துத் தோளில் பதிக்க வேண்டும். கறுப்பு முனையால் எடுத்துக் கையில் பதிக்க வேண்டும். முனை மாறினால் காந்தம் தலைகீழாகிவிடும்; அடுத்தவர் கையை ஒட்டவிடாமல் தள்ளும். இவ்வளவுதான் சங்கதி.

பொன்னுரங்கம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போனபிறகு வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. டிவியைத் திட்டிக்கொண்டே சாப்பிடுகிறேன் என்று ஒருநாள் அவரே சொன்னார். அவருக்கு வேண்டியதெல்லாம் அந்த மேசையில் ஒரு இடம்.

யாரிடமும் எதுவும் கேட்காமல், வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு படையையே செய்து கொண்டுவந்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் கில்லாடி. புருவம் வரைக்கும் தீட்டியிருந்தார்.

குச்சியின் முனையை மட்டும் மாற்றிப் பிடித்திருந்தார். முதல் வீரனிலிருந்து கடைசி வீரன் வரை.

டீச்சர் தன் வீரனின் கையை எடுத்து மறுபடி பொன்னுரங்கத்தின் வீரன் தோளருகே கொண்டுபோனார். மறுபடி துள்ளி விழுந்தது.

பொன்னுரங்கம் விடுகிற ஆளா? தன் வீரர்களின் கைகளைத் தங்களுக்குள் மாற்றி மாற்றி மாட்டிக் காட்டினார். எல்லாம் கச்சிதமாக ஒட்டின. எங்களுடையதைவிட இறுக்கம்.

“பாருங்க. ஒண்ணுகூடப் பிசகலை. இதைப் போயி தப்புன்னா எப்படிங்க?”

“தப்புன்னு நான் சொல்லலீங்களே சார்.”

அப்போதாவது பொன்னுரங்கம் சும்மா இருந்திருக்கலாம். காந்தத்துக்கு எந்தப் பக்கமானால் என்ன, நீங்கள் வைத்ததுதானே சட்டம், உங்கள் வீரனின் காந்தத்தைத் திருப்பி வைத்தால் ஆகாதா என்று கேட்டுவிட்டார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது டீச்சர் முதன்முதலில் செய்த வீரன்.

டீச்சர் கத்தியை எடுத்தார். தன் வீரனின் தோளைத் தோண்டினார். பெயிண்ட் செதில் செதிலாகப் பெயர்ந்தது. காந்தத்தைப் புரட்டி வைத்து, ஒரு சொட்டுப் பசை விட்டு, காயும்வரை ஊதினார்.

பொன்னுரங்கம் தன் வீரன் ஒருவனின் கையைக் கழற்றி அதில் மாட்டினார். ஒட்டிக்கொண்டது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

டீச்சர் அந்தக் கையைக் கழற்றி அவரிடமே கொடுத்தார். வீரனை எடுத்துக்கொண்டு பெரிய மேசைக்கு வந்தார். எங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கை வாங்கி வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் துள்ளி விழுந்தது. கடைசியாக அவனுடைய சொந்தக் கையை வைத்தார்.

அதுவும் விழுந்தது.

ஜன்னலோரம் ஒரு ஸ்டூலில் பொன்னுரங்கத்தின் படை நின்றிருந்தது. அந்த வரிசையின் கடைசியில் வீரனைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

“உங்க பக்கம் ஒரு ஆள் கூடியாச்சுங்க சார்.”

பொன்னுரங்கம் கையில்லாத அந்த வீரனைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

“கத்தியைக் குடுங்க” என்றார்.

“அத்தனையும் தோண்டணும் சார். தீட்டினதெல்லாம் பெயரும். இன்னிக்குப் போருக்கு ஆகாது.”

“ஆகாட்டிப் போகுதுங்க. குடுங்க.”

கத்தியை வாங்கினார். முதலில் டீச்சரின் வீரனைத்தான் எடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, காந்தத்தின் ஓரத்தில் கத்தி முனையை வைத்து அழுத்தினார்.

டீச்சர் பெரிய மேசையில் அணிவகுத்திருந்த எங்கள் வீரர்களை இரண்டு கையாலும் ஒதுக்கினார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“இங்க வந்து உக்காந்து தோண்டுங்க சார்.”