கல்லுக்கு இறங்கத் தெரியாது

முன்னொரு காலத்தில், இரண்டு வருஷமாக மழை எட்டிப் பார்க்காத ஒரு நாட்டை ஒரு ராஜா ஆண்டான். குளம் வற்றினால் ராஜாக்களுக்கு யோசனை ஊறும். பஞ்சத்தை விட ஜனங்களுக்கு அதுதான் பயம்.

ஒருநாள் அவன் பல்லக்கில் கடைத்தெரு வழியாகப் போனான். ஆண்டியப்பச் செட்டியின் செக்கு ஆடிக்கொண்டிருந்தது. காளை சுற்ற, அது இழுக்கும் பலகையில் செட்டி உட்கார்ந்து கூடவே சுற்றிக்கொண்டிருந்தான். மடியில் முறம்.

"மாடு உழைக்கிறது, மனிதன் சவாரி செய்கிறானே!" என்றான் ராஜா.

பிரதானி அந்த வார்த்தையைக் கீழே விழவிடாமல் பிடித்துக்கொண்டான். "பஞ்ச காலத்தில் இப்படி உட்கார்ந்தே சுகம் காண்கிறவர்களால்தான் பிரபு, நாடு நலிகிறது. ஒரு ஆள் இரண்டு வேலை பார்க்க வேண்டும்."

உண்மையில் அந்தத் தெருவிலேயே கணக்காகப் பிழைத்தவன் செட்டிதான். பஞ்சம் வந்ததும் யார் வீட்டிலும் உரல் நிறைய எள் இல்லை. அரை உரலை ஆட்டினாலும் மாட்டுக்கு அதே நடைதான். ஆகவே நாலைந்து வீட்டு எள்ளை ஒரே ஈடாகப் போட்டு ஆட்டி, அவரவர் கொடுத்ததற்குத் தக்கபடி எண்ணெயைப் பிரித்துக் கொடுத்தான். பலகையில் உட்கார்ந்தபடியே அடுத்த ஈட்டு எள்ளில் கல் பொறுக்கினான். அந்த முறம் பல்லக்கிலிருந்து தெரியவில்லை. மேலே உட்கார்ந்தால் பல சமாசாரம் தெரிவதில்லை.

மறுநாள் தமுக்கு அடித்தார்கள். செக்கு ஆடும்போது எண்ணெய்க்காரன் பலகையில் உட்காரக் கூடாது. அந்த நேரத்தில் அரண்மனைக்கு விறகு பிளக்க வேண்டும். அரண்மனை விளக்குக்கு அளக்கிற எண்ணெய் குறைந்தால் செக்கு பறிமுதல். விறகு யார் வீட்டுக் கொல்லையில் போய் இறங்கியது என்று யாரும் கேட்கவில்லை. பிரதானி வீட்டுக் கொல்லை நிறைந்திருந்தது.

அன்று சாயங்காலமே செட்டி, அரண்மனை விகடகவி பூவராகனைத் தேடிப் போனான். ராஜாவிடம் எதையும் சொல்லிவிட்டுத் தலையோடு திரும்பி வரக்கூடிய ஒரே ஆள் அவன்தான்.

"சாமி, நான் உட்கார்றது சொகுசுக்கு இல்ல. என் பாரம் இருந்தாத்தான் உலக்கை எள்ளை அழுத்தும். எந்திரிச்சா எண்ணெய் எப்படி வரும்?"

பூவராகன் சிரித்தான். "அதே பலகையில் பிரதானியை உட்கார வைத்தால் எப்படி இருக்கும் செட்டியாரே? அவர் பாரத்துக்கு உரலே பிழிபடும்!"

"அப்ப நாளைக்கே ராஜாகிட்ட சொல்லுங்க சாமி."

"நாளைக்கா? நாளைக்குச் சபையில் ஈ ஓட்டக்கூட ஆள் இருக்காது. பௌர்ணமிக்குப் பக்கத்து நாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் சொன்னால் ஊர் ஊராகச் சிரிப்பார்கள்."

"அதுவரைக்கும்?"

"ஒரு கல்லைத் தூக்கிப் பலகையில் வையும். பாரம்தானே வேண்டும்?"

செட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பெரிய இடத்து ஆளிடம் என்ன பேச என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

கல்லை வைத்தார்கள். எண்ணெயும் வந்தது. ஆனால் முன்பெல்லாம் மாடு மூச்சு வாங்கினால் செட்டி குதித்து இறங்கிக் கூடவே நடப்பான். கல் இறங்குமா? உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருந்தது. செட்டி அரண்மனைக் கொல்லையில் கோடாலியோடு நின்றான். செக்கடியில் எள்ளைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த அவன் பெண்சாதி வள்ளிக்கண்ணு, காளையின் கால் பின்னுவதைப் பார்த்துக் கல்லைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. தெருவில் ஆளைக் கூப்பிட ஓடினாள். திரும்பி வருவதற்குள் முன்னங்கால் மடங்கி மயிலைக்காளை விழுந்துவிட்டது. எழுந்திருக்கவே இல்லை.

சேதி பூவராகனுக்கு வந்தபோது அவன் கண்ணாடி முன்னால் நின்று, பௌர்ணமிச் சபையில் எந்த இடத்தில் நிறுத்திப் பேசினால் சிரிப்பு கூடும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். அன்று சோறு இறங்கவில்லை.

பௌர்ணமி வந்தது. விருந்தாளிகளும் வந்தார்கள். பிரதானி எழுந்தான்.

"பிரபு! செட்டி இம்மாதம் எண்ணெய் அளக்கவில்லை. மாடு செத்ததென்று சாக்குச் சொல்கிறான். நம் விகடகவியோ அவனுக்குப் பரிந்து, கல் வைக்கும் யோசனை சொல்லிக் கொடுத்தாராம். அரண்மனை மாட்டையே தருகிறோம். செட்டியைப் பலகையில் ஏற்றாமல், கல்லையும் வைக்காமல், அவர் எண்ணெய் எடுத்துக் காட்டட்டும். தவறினால் செக்கும் போகட்டும், அவர் பதவியும் போகட்டும்."

"சம்மதமா பூவராகா?" என்றான் ராஜா.

"சம்மதம் பிரபு. எண்ணெய் வந்தால் அந்த ஆணையையும் தாங்கள் திரும்பப் பெற வேண்டும்."

எல்லோரும் செக்கடிக்கு வந்தார்கள். உரலில் எள் போட்டாயிற்று. மாட்டைப் பூட்டியாயிற்று.

"பிரபு, எண்ணெய்க்காரர் உட்காரக் கூடாது என்பதுதான் ஆணை. பிரதானி எண்ணெய்க்காரர் அல்லர். கல்லும் அல்லர். பலகையில் உட்காருவது சுகம் என்று அவரே திருவாய் மலர்ந்தார். அந்தச் சுகத்தை அவரும் அனுபவிக்கட்டும்" என்றான் பூவராகன்.

"இது அவமானம் பிரபு!"

"சுகம் என்றீரே? ஏறும்!" என்றான் ராஜா.

பிரதானி ஏறினான். பலகை முனகியது. மாடு சுற்றியது. தலைப்பாகை ஒரு பக்கம் சரிய, அங்கவஸ்திரம் மண்ணில் இழுபட, பிரதானி கண்ணை மூடிக்கொண்டு தெய்வங்களைக் கூப்பிட்டான். உரலிலிருந்து எண்ணெய் குபுகுபுவென்று வந்தது.

"பிரதானி உட்கார்ந்ததால் நாட்டுக்குக் கிடைத்த முதல் பலன் இதுதான் பிரபு!" என்றான் பூவராகன்.

விருந்தாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவன் நினைத்த இடத்திலேயே, நினைத்ததை விடப் பெரிய சிரிப்பு.

அப்போது செட்டி முன்னால் வந்தான். அவன் சிரிக்கவில்லை. "மாடு மூச்சு வாங்குது. அவரை இறக்குங்க. இப்பவே இறக்கணும்."

பிரதானியை இறக்கினார்கள். பூவராகன் அந்த மாட்டின் விலா ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஆணை ரத்து! பிரதானி தன் வீட்டு விறகைத் தானே பிளக்கட்டும். பூவராகா, இந்த யோசனை உனக்கு எப்போது தோன்றியது?"

"தமுக்கு அடித்த அன்றே, பிரபு."

அதுவும் ஒரு விகடம் என்று நினைத்து ராஜா மறுபடியும் விழுந்து விழுந்து சிரித்தான். "என்ன வேண்டுமோ கேள்!"

"ஒரு நல்ல காளை பிரபு. அது போதும்."

கொட்டிலிலேயே நல்ல காளையாகப் பார்த்துக் கொடுத்தார்கள். மறுநாள் பூவராகனே அதைப் பிடித்துக்கொண்டு போய்ச் செட்டியிடம் கயிற்றை நீட்டினான். செட்டி அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தான்.

"நல்ல மாடு சாமி. செக்கைச் சுத்தப் பழக நாளாகும். பழகிக்கும்."

"செட்டியாரே, நான் அன்றைக்கே..."

"சொல்லியிருக்கலாம்" என்றாள் வள்ளிக்கண்ணு, உள்ளேயிருந்து.

செட்டி அவளை அதட்டவில்லை. சுவரோரம் கிடந்த கல்லைக் காட்டினான். "சாமி ஒரு உபகாரம் பண்ணணும். போகும்போது அதை எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. வள்ளி அதைப் பார்த்தா சாப்பிட மாட்டேங்கிறா."

பூவராகன் கல்லைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கடைத்தெருவில் நடந்தான். பாதி வழியில் மூச்சு வாங்கியது. இறக்கி வைக்கவில்லை.

விகடகவி கல் சுமந்து வருவதைப் பார்த்ததும், ஏதோ புது வேடிக்கை என்று நினைத்து, தெரு இரண்டு பக்கமும் கைதட்டிச் சிரித்தது.