அரக்கு உடையாத யானைக் காசு

பொருளைக் கண்ணால் பார்க்காமல் படத்தைப் பார்த்தே வாங்கி ஏமாறுவது, செல்போன் வந்த பிறகு நாம் கற்றுக்கொண்ட வித்தை என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. செங்காட்டுக் கோட்டையை ஆண்ட பூபதிராயர் அந்தக் காலத்திலேயே அதில் கெட்டிக்காரர்.

அவருக்குப் பழைய காசு என்றால் உயிர். சாப்பிடும்போதுகூட இலைக்குப் பக்கத்தில் நாலு காசை வைத்துப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவார். இது தெரிந்துதான் மல்லண்ணா என்ற வணிகன் ஒரு சீலையில் காசுப் படம் எழுதி அனுப்பியிருந்தான். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் கேடயம். அரச வம்சத்தைத் தொடங்கிய பெரிய பூபதிராயர் வெளியிட்ட யானைக் காசாம். சுத்த வெள்ளியாம். படத்தைப் பார்த்ததுமே மன்னர் சொக்கிப் போனார். உடனே ஆள் அனுப்பி அவனை வரவழைத்தார்.

மல்லண்ணா சபைக்கு வந்தான். அவன் கையில் ஒரு சின்னப் பேழை. மேலே பார்ப்பதற்கு ஒரு கண்ணாடி. சுற்றிலும் அரக்கு முத்திரை.

"காசு எனக்கு வேண்டும். என்ன விலை?" என்றார் மன்னர்.

"தங்கள் சந்தோஷம். ஆலம்பாடிக் கிராமத்தை எனக்கு எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் அரக்கு உடையாதவரை காசு என்னுடையது. உடைத்துவிட்டால் தங்களுடையது. அப்புறம் திருப்பி வாங்க மாட்டேன்."

"உண்மையான காசுதானா?"

"என்ன அப்படிக் கேட்டுவிட்டீர்கள்! என் முப்பாட்டனார் பெரிய பூபதிராயர் கையாலேயே வாங்கியது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை."

மந்திரி அனந்தப்பர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். தெரியாது என்ற சொல்லே அவர் வாயில் வராது. "அசல்தான் அரசே! பார்த்தாலே தெரிகிறதே" என்றார்.

இருந்தாலும் மன்னருக்கு ஒரு உறுத்தல். விகடகவி தாண்டவராயனைக் கூப்பிட்டார்.

"தாண்டவராயா, இது அசலா போலியா என்று நாளைக்குச் சபையில் நீ சொல்ல வேண்டும். அரக்கை உடைக்கக் கூடாது. காசைத் தொடக் கூடாது. போலி என்று வாயால் சொன்னால் போதாது, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி காட்ட வேண்டும். முடியாவிட்டால் ஆலம்பாடியை எழுதிக் கொடுத்துவிடுவேன்."

ஆலம்பாடி தாண்டவராயனின் மாமனார் ஊர். வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். மனைவி சிவகாமி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்க ஊரை அந்த ஆளுக்குத் தாரை வாத்துட்டீங்கன்னா, எங்க அப்பா, அம்மா, தம்பிங்க, அவங்க மாடு கன்னு எல்லாம் நம்ம வீட்டுக்குத்தான் வரும். பாத்துக்கோங்க!"

தாண்டவராயன் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். மாட்டைக் கட்டவே இடம் போதாது. அன்றைக்கு அவன் மூளை வேலை செய்த வேகத்தில் அதுவரை எப்போதுமே வேலை செய்ததில்லை.

மறுநாள் சபை கூடியது. தாண்டவராயன் பேழைக்குள் ஒரு முறை பார்த்தான். சட்டென்று மல்லண்ணாவின் காலில் விழுந்தான்.

"அசல் யானைக் காசு! ஐயா, உம்மைப் பார்க்க நாங்கள் கொடுத்துவைத்திருக்க வேண்டும்!"

மல்லண்ணாவின் மீசை மேலே ஏறியது. மன்னருக்கு ஒரே பூரிப்பு.

"அரசே, யானைக் காசின் வழக்கம் தங்களுக்குத் தெரியாததா?" என்றான் தாண்டவராயன். "போரில் யானைக்கு முன்னால் நடக்கிற வீரனுக்குத்தான் பெரிய பூபதிராயர் அதைக் கொடுப்பார். நடந்து முடித்தவன் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பரிசு வாங்கிக்கொள்வான். காசு வீட்டிலேயே தங்கிவிட்டது என்றால் அவன் நடக்கவில்லை என்று அர்த்தம். அந்தக் கடமையை வாரிசு முடிக்க வேண்டும்."

மன்னர் விழித்தார். இப்படி ஒரு வழக்கத்தை அவர் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் சொந்த வம்சத்து வழக்கம் தெரியாது என்று சபையில் சொல்ல முடியுமா? கம்பீரமாகத் தலையாட்டி வைத்தார்.

மந்திரி சும்மா இருப்பாரா? "ஆமாம் அரசே! என் தாத்தா அடிக்கடி சொல்வார்" என்றார்.

"நம் பட்டத்து யானைக்கு இப்போது மதம் பிடித்திருக்கிறது. முன்னால் நடக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. கோட்டையை ஒரே ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். சங்கிலியை அவிழ்க்கச் சொல்லட்டுமா?"

அந்த நேரம் பார்த்து வெளியே யானை பிளிறியது. மல்லண்ணாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

"ஐயா... ஞாபகப் பிசகு. முப்பாட்டனார் காசு இல்லை. சந்தையில் வாங்கியது!"

"அப்படியானால் காசை வைத்திருப்பவர்தான் நடக்க வேண்டும்" என்று முந்திக்கொண்டார் மந்திரி. "என் தாத்தா அதையும் சொல்லியிருக்கிறார்."

"காசைத்தான் மன்னருக்கு விற்றாயிற்றே!"

"எங்கே விற்றீர்?" என்றான் தாண்டவராயன். "அரக்கு உடையாதவரை காசு உம்முடையது என்று நீர்தானே சொன்னீர்? அரக்கு அப்படியே இருக்கிறது. நான் தொடக்கூட இல்லை."

மறுபடியும் யானை பிளிறியது. மல்லண்ணா தானே பாய்ந்து அரக்கை உடைத்தான். காசை எடுத்துக் கல்தரையில் பரபரவென்று தேய்த்தான். வெள்ளிப் பூச்சு போய்ச் செம்பு பல்லிளித்தது.

"போலி! போலி! போன மாதம் நானே வார்த்தது! எல்லோரும் நன்றாகப் பாருங்கள்! யானையை மட்டும் அவிழ்க்காதீர்கள்!"

சபை குலுங்கியது. யானைக்கு மதம் தெளிகிற வரை காத்திருந்து, அதற்குப் பிறகு ஒரு வருஷம் யானைக் கொட்டிலில் சாணம் அள்ள வேண்டும் என்று மல்லண்ணாவுக்குத் தண்டனை. ஆலம்பாடி தப்பியது. தாண்டவராயன் வீடும் தப்பியது. மன்னர் தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "யானைக் காசுக்கு அப்படி ஒரு பழைய வழக்கம் இருப்பது உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டார்.

"பழைய வழக்கமா? அந்தக் காசைவிட அது இளையது, அரசே. நேற்று ராத்திரி சாப்பிடும்போதுதான் பிறந்தது."

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. அதைப் பிடித்துக்கொண்டே மந்திரியைத் திரும்பிப் பார்த்தார். மந்திரி கூரையைப் பார்த்தார்.

தாண்டவராயன் கைகூப்பினான். "ஆனால் ஒன்று அரசே. மந்திரியாரின் தாத்தாவே சொல்லியிருக்கிறார் என்றதும், ஒருவேளை அப்படி ஒரு வழக்கம் நிஜமாகவே இருந்ததோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது!"