நான்காவது ஓலை

கருப்பட்டிக்குக்கூட வரி கேட்ட ராஜா ஒருவர் தெற்குச் சீமையை ஆண்ட காலம் அது. ராஜாவுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. அவர் பாட்டுக்கு அரண்மனையில் இருக்கட்டும். பிள்ளை பெற்றவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். பகலெல்லாம் மாடாய் உழைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், தெரிகிறது. எனக்கும் அலுப்புத்தான். ஆனாலும் கேளுங்கள்.

அந்தச் சீமையில், செம்மணல் மேடான தேரிக்காட்டு ஓரத்தில், யேசுவடியான் என்று ஒரு பனையேறி இருந்தான். காலையில் நாற்பது பனை ஏறி இறங்குவான். மாலையில் மறுபடியும் அதே நாற்பது. மாசி மாதம் வந்த விஷக்காய்ச்சலில் அவன் மனைவி போய்ச்சேர்ந்தாள். அதே காய்ச்சலில் கிடந்த மகள் ஞானவடிவு பிழைத்துக்கொண்டாள். ஒன்பது வயது அவளுக்கு. "பிள்ளையையாவது விட்டுவச்சீரே, ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுப் பங்குனியில் அவன் மரம் ஏறப் போய்விட்டான். உட்கார்ந்து அழக்கூட அவனுக்கு நேரம் இல்லை.

இருட்டோடு போவான், களைத்து வருவான், கஞ்சியைக் குடித்துவிட்டுச் சாய்வான். அப்பனும் மகளும் பேசிக்கொள்வதே அபூர்வமாகிவிட்டது.

பதனீர் காய்ச்சுவது முன்பு மனைவியின் வேலை. இப்போது வடிவு அடுப்படியில் உட்கார்ந்து கிளறினாள். பாகின் பதம் அந்தக் குழந்தைக்கு என்ன தெரியும்? யேசுவடியானுக்கோ பனை உச்சியில் இருந்தாலும் வாசனையிலேயே பதம் தெரிந்துவிடும். "ஏ வடிவு, தீயைக் கொறை!" என்று மேலேயிருந்து குரல் கொடுப்பான். அவள் விறகை வெளியே இழுக்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

ஒருநாள் கத்தினான். மறுபடியும் கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். வடிவு விறகை இழுக்கவில்லை. பாகு கரிந்து, காலையில் இறக்கிய நாற்பது மரத்துப் பதனீரும் மண்ணுக்குப் போயிற்று.

யேசுவடியான் கொடுமைக்காரன் இல்லை. ஆண்டவரைக் கேட்காமல் பிள்ளைமேல் கை வைக்கமாட்டான். அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வேதக்காரர்கள் எதற்கும் திருவுளச்சீட்டுப் போடுவார்கள். பெண் எடுக்கவும் சீட்டு, கிணறு வெட்டவும் சீட்டு. அவனும் இரண்டு ஓலை நறுக்கை எடுத்தான். ஒன்றில் 'அடி' என்று கீறினான், மற்றதில் 'பொறு' என்று கீறினான். சின்ன ஓலைப்பெட்டியில் போட்டுக் குலுக்கி, ஜெபம் பண்ணி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தான்.

'பொறு' என்று வந்தது.

வயிறு எரிந்தது அவனுக்கு. 'பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று பேர் இருக்கும்போது ஒருவரிடம் மட்டும் கேட்டால் முறையாகுமா?' என்று நினைத்தான். ஓலையைத் திரும்பப் போட்டுக் குலுக்கி இரண்டாவது எடுத்தான், 'அடி'. மூன்றாவது எடுத்தான், அதுவும் 'அடி'. மூவரில் இருவர் சொல்லியாயிற்று. புளியவிளாரால் வடிவின் உள்ளங்கையில் இரண்டு போட்டான். அவள் அழுதாள்.

பத்து நாள் கழித்து அதே கூத்து. கத்தினான், அவள் அசையவில்லை, பாகு கரிந்தது. ஓலை எடுத்தான். 'பொறு', 'பொறு', 'அடி'. கடைசியாகப் பேசுகிறவர் பேச்சுத்தான் பேச்சு என்று இந்தத் தடவை கணக்கை மாற்றிக்கொண்டான். நாலு அடி விழுந்தது. வடிவு அழவில்லை. 'பாரு, என்ன நெஞ்சழுத்தம்' என்று நினைத்தான்.

வைகாசி வெயில் வந்தது. யேசுவடியானுக்கு முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. நெஞ்சுத்தோல் உரிந்து எரிந்தது. அப்படிப்பட்ட ஒரு நாளில் மூன்றாவது தடவையாகப் பாகு கரிந்தது. இறங்கி நேரே குடிசைக்குள் போய்ப் பெட்டியைக் குலுக்கினான். 'பொறு' வந்தது. குலுக்கினான். 'பொறு' வந்தது. குலுக்கினான். மூன்றாவதும் 'பொறு'.

ஐயா, இதற்கு மேல் ஒருவர் எப்படித்தான் சொல்வது?

நான்காவதாக ஒன்றை எடுத்தான். அது யாருக்கு என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. அது யாருக்கென்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நாமும் எடுத்தவர்கள்தானே. அதில் 'அடி' என்று வந்தது. "சொல்லிட்டாரு ஆண்டவர்" என்று எழுந்தான். புளியவிளார் போதாதென்று பச்சைப் பனைமட்டையை எடுத்தான். மட்டையின் ஓரத்துக் கருக்கு ரம்பப் பல். பெரியவன் கையையே கிழித்துவிடும்.

அடுப்படியில் வடிவு முதுகைக் காட்டிக்கொண்டு, கரிந்த பாகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவன் பத்தடி தள்ளி வரும்போது, பக்கத்துப் பனையிலிருந்து ஒரு காய்ந்த காவோலை அவளுக்குப் பின்னால் தடாலென்று விழுந்தது. காக்கைகள் கலைந்து பறந்தன. கோழி பதறி ஓடியது. வடிவு மட்டும் திரும்பவில்லை.

"ஏ வடிவு!" என்று கோபத்தோடு கூப்பிட்டான். அவள் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"வடிவு" என்றான், குரல் இறங்கியது. அவள் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, வடிவு..." என்றான் மூன்றாவதாக. அதில் கோபமே இல்லை, பயம்தான் இருந்தது. போய்த் தோளைத் தொட்டான்.

திடுக்கிட்டுத் திரும்பினாள். அவனைப் பார்த்தாள், மட்டையைப் பார்த்தாள். கையை நீட்டினாள்.

மட்டை அவன் கையிலிருந்து நழுவியது. மண்டி போட்டு அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்தான். மூன்று தடவை பாகு கரிந்தும் ஒரு தடவைகூடக் கேட்காததை அப்போதுதான் கேட்டான்.

"ஏம்மா? நான் கத்துனது ஒனக்குக் கேக்கலியா?"

வடிவு அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காய்ச்சல்லருந்து காது கொஞ்சங்கொஞ்சமா கொறஞ்சிட்டுப்பா. இப்ப ஒங்க வாய் மட்டுந்தான் அசையுது" என்றாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே யப்பா. வந்ததும் கைய நீட்டச் சொன்னீங்க."

பாவி மனுசன் நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதான். மனைவி செத்தபோது அழாததையும் சேர்த்து அழுதான். "ஆண்டவரே, நீர் சொல்லச் சொல்ல நான் குலுக்கிக்கிட்டே இருந்தேனே" என்றான்.

அதிசயம் எதுவும் நடந்து அவள் காது திறக்கவில்லை. திறந்தது என்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும், ஆனால் நடக்கவில்லை. மறுநாள் அவன் நீளக் கயிறு ஒன்றைத் திரித்தான். ஒரு முனையை அவள் மணிக்கட்டில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் முடிந்து மேலே கொண்டுபோனான். ஒரு இழுப்பு இழுத்தால் தீயைக் குறைக்க வேண்டும். இரண்டு இழுத்தால் நன்றாகக் கிளற வேண்டும். மூன்று இழுத்தால் இறக்க வேண்டும். அதன்பிறகு பாகு கரியவில்லை.

ஆனியில் ஒருநாள், முப்பத்தெட்டாவது மரத்தில் இருந்தான். கால் தள்ளாடியது. அப்போது கயிறு கீழேயிருந்து வெடுக்கென்று இழுபட்டது. பிடி நழுவி, பாளையைக் கட்டிக்கொண்டு தப்பினான். என்னவோ ஏதோ என்று பதறி, அத்தனை உயரமும் இறங்கி ஓடிவந்தான்.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

வடிவு மெல்லச் சிரித்தாள். "ஒண்ணுமில்லப்பா. நான் கூப்பிட்டா வருவீங்களான்னு பாத்தேன்."

அவனுக்கு மூச்சு இரைத்தது, மார்பெல்லாம் சிராய்ப்பு. எந்த அப்பனுக்கும் கை தானாக ஓங்கும் நேரம் அது. அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் பார்க்கும்படி மெதுவாகச் சொன்னான்: "வருவேன். எப்பக் கூப்பிட்டாலும் வருவேன். ஆனா மேல இருக்கும்போது சும்மா இழுத்தா நான் விழுந்துருவேன் தாயி. செஞ்சது தப்பு. இன்னைக்குக் கலயம் பூராவும் நீதான் கழுவணும்."

"சரிப்பா" என்றாள் வடிவு. நாற்பது கலயத்தையும் முகம் சுளிக்காமல் கழுவினாள். அவளுக்குக் காரணம் புரிந்த முதல் தண்டனை அதுதான். அவன் மிச்சமிருந்த மரங்களை ஏறப் போனான்.

அலுத்து வந்த தாய் தகப்பன்மாரே, இதுதான் நீதி: தன் பிள்ளையிடம் ஏன் என்று கேட்கும் முன்பே கை ஓங்குகிறவன் கேட்பது ஆண்டவர் குரலை அல்ல, தன் கோபத்தின் குரலைத்தான்.