மின்சாரம் கடத்தாதவன்

முன்னொரு நாளில், பொன்மலையில், எட்டடி மேசை ஒன்றின் மேல் ஒரு குட்டி ரயில் நாடு இருந்தது. இரண்டு வட்டப் பாதைகள், ஒரு நிலையம், நிலையத்திலிருந்து மேசைக் கோடி வரை ஒரு கிளைப்பாதை. கிளையின் முடிவில் ஒரு வளையம். போன ரயில் அந்த வளையத்தைச் சுற்றித் திரும்ப வேண்டும். பின்பக்கமாக ஊர்ந்து வராமல், முகம் காட்டி நிலையத்துக்கு வர வேண்டும். அந்த நாட்டுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

நாட்டைக் கட்டியவள் செலின். ஊரில் பாதி வீடுகளுக்கு வயரிங் செய்தவள். லூஸ் கனெக்‌ஷன் என்றால் அவளுக்கு மானப் பிரச்சினை. தண்டவாளத் துண்டுகளைப் பித்தளை இணைப்பான்களால் பூட்டியதோடு விடாமல், ஒவ்வொரு மூட்டிலும் ஈயத்தை உருக்கிப் பற்றவைத்திருந்தாள்.

தண்டவாளத்தோடு நான்கு பிளாஸ்டிக் இணைப்பான்களும் வந்திருந்தன. அவற்றைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு ஓரங்கட்டிவிட்டாள். நால்வரில் மூத்தவன் வெள்ளையன். உருவத்தில் அவன் பித்தளைக்காரர்களுக்கு எந்த விதத்திலும் குறைந்தவனில்லை. ஆனால் ஒரு துளி மின்சாரத்தைக்கூட அந்தப் பக்கம் விடமாட்டான்.

“கஞ்சப்பயல்! கையில வாங்கினத அடுத்தவனுக்குக் குடுக்காதவன் எல்லாம் ஒரு இணைப்பானாடா?” என்பார் பித்தளையண்ணன்.

அண்ணன் சொன்னதில் பொய் இல்லையே! அதுதான் வெள்ளையனுக்கு அதிகமாக வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மாதாகோயில் பங்குமன்றத்தில் கண்காட்சி. அன்று மதியம் செலின் வளையத்தின் கடைசித் துண்டைப் பூட்டினாள், பற்றவைத்தாள், சுவிட்சைப் போட்டாள். டொக்கென்று கட்டுப்பாட்டுப் பெட்டி மூச்சை நிறுத்திச் சிவப்பு விளக்கைக் காட்டியது. மறுபடி போட்டாள். மறுபடியும் டொக்.

“என்னைத் திட்டாதீர்கள்,” என்றது பெட்டி. “சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் எங்கேயோ முட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் முட்டினால் நான் எரிந்துபோவேன்.”

“நான் இடது தண்டவாளத்தை விட்டு இம்மி நகரவில்லை,” என்றது சிவப்பு.

“நானும் வலது தண்டவாளத்திலேயேதான் இருக்கிறேன்,” என்றது கறுப்பு.

இரண்டும் சொன்னது சத்தியமே. டப்பாவின் விளிம்பில் எட்டிப் பார்த்த வெள்ளையன், இடது தண்டவாளத்தைக் கண்ணால் பின்தொடர்ந்தான். அது வளையத்துக்குள் போயிற்று, சுற்றிற்று, வந்த வாசலுக்கே திரும்பிற்று. அங்கே வலது தண்டவாளத்தோடு போய் ஒட்டிக்கொண்டு நின்றது. அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“குற்றம் யார் மேலும் இல்லை!” என்று கத்தினான். “வளையத்தின் வாசலில் இருவருக்கும் நடுவே ஒரு இடைவெளி வேண்டும். கிட்ட இருந்தால் முட்டப் பகை என்று சும்மாவா சொன்னார்கள்? அங்கே எங்களை வையுங்கள்!”

பித்தளைக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. “இத்தனை பேர் கைகோத்தும் நடக்காததை, கையை விடுறவன் வந்து நடத்துவானாம்!” என்றார் அண்ணன்.

அதற்குள் செலின் ரம்பத்தை எடுத்துவிட்டாள். “ஏங்க, இந்த வளையத்த அறுத்துப் போட்டுர்றேன். ரெண்டு வட்டம் சுத்துதுல்ல, அது போதும்,” என்றாள் பக்கத்தில் நின்ற கணவனிடம். மூன்று மாத உழைப்பு அது.

“என்னை அறுத்துவிட்டால் போன ரயில் முகம் காட்டித் திரும்பவே முடியாதே!” என்று அழுதது வளையம்.

வெள்ளையன் அதற்கு மேல் பொறுக்கவில்லை. செலினின் முழங்கை டப்பாவை உரசிய அந்த நொடியில் உந்திக் குதித்தான். மேசையில் உருண்டு, ரம்பம் இறங்க வேண்டிய மூட்டின் மேலேயே போய் விழுந்தான்.

செலின் அவனைச் சுண்டி எறியப் போனாள். “இரு இரு,” என்று அவள் கையைப் பிடித்தான் கணவன் சவரிராயன். ரயில்வேயில் கீமேன், தினமும் தண்டவாளத்தின் மேலேயே நடந்து பழகியவன். “எங்க லைன்ல சிக்னல் பக்கத்துல தண்டவாளத்த வெட்டி, நடுவுல கரண்ட் போகாத அட்டைய வச்சு ஒட்டியிருப்பாங்க. இது அந்த ஜாதிதான் செலினு. ஒண்ணுக்கும் ஆகாதத நாலு போட்டு அனுப்புவானா?”

செலின் வளையத்தின் வாசலைப் பார்த்தாள். வெள்ளையன் பார்த்த அதே பாதையை அவள் விரல் தடவிப் பார்த்தது. “அடிப்பாவி! இதுல போய் ஈயம் வச்சேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

போட்டதைப் பிரிக்கவா என்று முணுமுணுத்துக்கொண்டே, ஈயம் பற்றவைத்த சூட்டுக்கோல் நான்கு மூட்டுகளை உருக்கியது. நான்கு பித்தளைகள் கழன்றன. வாசலில் பாதை பிரியும் இரண்டு கைகளிலும் இரண்டிரண்டாக நால்வரும் உட்கார்ந்தார்கள். வளையத்துக்குப் பெட்டியிலிருந்து தனியாக இரண்டு கம்பிகள் போயின. பெட்டிக்கும் நிலையத்துப் பாதைக்கும் நடுவில் ஆறு கால் சுவிட்ச் ஒன்று ஏறியது. அதைத் தட்டினால் அந்தப் பாதையில் மட்டும் சிவப்பும் கறுப்பும் இடம் மாறும்.

பங்குமன்றத்தில் நான்கு மணி. கூட்டம் மேசையைச் சூழ்ந்து நின்றது. ரயில் நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, கிளைப்பாதையில் ஓடி, வளையத்துக்குள் நுழைந்தது. ரயிலின் கடைசிப் பெட்டியும் உள்ளே வந்ததும், செலின் பாதையை அடுத்த கைக்குத் திருப்பி ஆறு கால் சுவிட்சைத் தட்டினாள்.

வெளியே கம்பிகள் இடம் மாறின. ரயில் பின்னால் விட்டுவந்த வாசலில், இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் கறுப்பு, நடுவில் வெள்ளையன்.

“கொஞ்சம் வழி விடு தம்பி, ஒரே ஒரு துளி,” என்றது சிவப்பு.

“முடியாது!” என்றான் வெள்ளையன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல்லைத் தலைநிமிர்ந்து சொன்னான். மற்ற மூவரும் அதையே சொன்னார்கள்.

பெட்டியில் பச்சை விளக்கு அணையவில்லை. ரயில் வளையத்தைச் சுற்றி, வாசலின் அடுத்த கையைத் தடதடவென்று தாண்டி, நிமிர்ந்த முகத்தோடு நிலையத்தை நோக்கி வந்தது. மன்றம் அதிரக் கைதட்டல். சவரிராயன் இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டியடித்தான். செலின் அழுதுகொண்டே சிரித்தாள். வளையம் பூரித்துப்போய், “இன்னொரு தடவை வா, இன்னொரு தடவை வா!” என்று ரயிலைக் கூப்பிட்டது.

பித்தளையண்ணனுக்கு மட்டும் ஒரு குறை. “நாங்க நூறு பேர் கரண்ட்டச் சுமந்தோம். அவன் என்னத்தச் சுமந்தான்னு அவனுக்கு இம்புட்டு பேரு?” என்று பெட்டியைக் கேட்டார்.

பெட்டி சொன்னது: “நூறு பேரும் ‘வா, வா’ என்றே சொன்னீர்கள். ‘வராதே’ என்று சொல்ல நாலு பேர் வந்த பிறகுதானே, அண்ணே, ரயில் வீடு வந்து சேர்ந்தது?”