சம்பவம் கேட்ட கௌதாரி

வாகைக்குளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கரையிலுள்ள மரத்து உச்சியில் தவிட்டுக்குருவி காவல் இருக்கும். ஆபத்து வந்தால், என்ன வருகிறது, எந்தப் பக்கம் வருகிறது என்று கத்தும். "பாம்பு, கிழக்குப் புதர்!" அவ்வளவுதான். கேட்டவர்கள் ஓடிப் பிழைப்பார்கள்.

ஒரு நாள், பட்டணத்து பஸ் ஸ்டாண்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு மைனா திரும்பி வந்தது. அதன் பேச்சே மாறியிருந்தது. குளத்துத் தண்ணீர் 'செம'. தவளையின் பாட்டு 'மொக்கை'. கொக்கு ஒற்றைக்காலில் நின்றால் 'சீன் போடுது'. மீன் தப்பிவிட்டால் கொக்கு 'பல்பு வாங்கிருச்சு'. பல்பை யார் விற்றார்கள், கொக்குக்கு அது எதற்கு என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கேட்டால் மைனா பட்டிக்காடு என்று சொல்லிவிடுமே!

"பாம்பு, கிழக்குன்னு இன்னும் எத்தனை நாளைக்குக் கத்துவே?" என்று மைனா தவிட்டுக்குருவியைக் கேட்டது. "சம்பவம் இருக்குன்னு சொல்லு. அதுதான் கெத்து."

குருவிக்கும் கெத்தாக இருக்க ஆசை. சரி என்றது.

கிழக்குப் புதரில் கௌதாரி ஐந்து முட்டை இட்டிருந்தது. மறுநாள் மத்தியானம் அது குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வந்தபோது, உச்சியிலிருந்து குரல் கேட்டது.

"சம்பவம் இருக்கு! தரமான சம்பவம்!"

கௌதாரி குடிப்பதை நிறுத்தியது. நல்லதா, கெட்டதா? பக்கத்தில் நின்ற கொக்கைப் பார்த்தது.

"கொக்கண்ணே, கேட்டீங்களா?"

"கேட்டேனே. சம்பவம்" என்று கொக்கு தலையை ஆட்டியது.

"ஆமாமா, சம்பவம்" என்று கௌதாரியும் ஆட்டியது.

"செம, செம" என்றது அணில்.

குருவி மூன்று முறை கத்தியது. மூன்று முறையும் தலைகள் ஆடின. அதற்கு மேல் கௌதாரியால் பொறுக்க முடியவில்லை. மானம் போனால் போகிறது என்று மரத்தைப் பார்த்துக் கத்தியது.

"எனக்கு ஒரு மண்ணும் புரியல. என்ன வருது? எங்க வருது?"

"சாரைப்பாம்பு! உன் புதருக்குள்ள போயிருச்சு!"

கௌதாரி பறந்தது. சிறகால் அடித்தது, மூக்கால் கொத்தியது. கொக்கும் ஓடிவந்து கொத்தியது. பாம்பு விலகிப் போனது. ஆனால் கூட்டில் இரண்டு முட்டைதான் மிச்சம். பாவம், அவற்றை அணைத்துக்கொண்டு கௌதாரி அழுதது.

"எனக்கும் புரியலம்மா" என்றது கொக்கு. "உனக்குப் புரிஞ்சிருச்சுன்னு நெனச்சுத் தலையாட்டினேன்."

குருவி கீழே இறங்கி வந்தது. "மைனா, உண்மையைச் சொல்லு. சம்பவம்னா என்ன அர்த்தம்?"

மைனா தரையைப் பார்த்தது. "தெரியல. பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் சொன்னாங்க. நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன்."

புரியாத பேச்சுக்குத் தலையாட்டிப் பெருமை தேடுவதைவிட, புரியவில்லை என்று உடனே கேட்பதே நம்மையும் நம் வீட்டையும் காக்கும்.