அழித்தெழுதிய நாலு

விடையை அவசரப்பட்டுச் சொல்லிவிட வேண்டாம். இந்தக் கதையை இதுவரை ஏழெட்டுப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். பாதியிலேயே "அவன்தான், வேற யாரு?" என்று முந்திக்கொண்டவர்கள் எல்லோரும் தப்பாகத்தான் சொன்னார்கள். எனவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு செராக்ஸ் கடையின் மாடியில் குற்றாலலிங்கம் சார் ஆங்கில வகுப்பு நடத்தினார். வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போகிறவர்கள் எழுதும் தேர்வுக்கான வகுப்பு அது. அந்தத் தேர்வில் முப்பது நிமிடத்துக்குள் ஒரு கட்டுரை எழுத வேண்டும், ஆறுக்கு மதிப்பெண். நஸீமா, செண்பகவல்லி, ஜெபசிங் என்று மூன்று பேர் ஞாயிறுதோறும் வந்தார்கள். மூவரும் ஒரே கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள்.

அவர்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. ஒருவர் எழுதிய கட்டுரையை மற்ற இருவரும் படித்துவிட்டு, எத்தனை விழும் என்று ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி மடித்து வைப்பார்கள். சார் திருத்தி முடித்ததும் சீட்டைப் பிரிப்பார்கள். அதிகம் தவறியவர் கீழே போய் டீ வாங்கி வர வேண்டும். சீட்டில் முகதாட்சண்யம் கூடாது என்பது முதல் நாளே மூவரும் ஒப்புக்கொண்ட சட்டம்.

செண்பகவல்லியின் கட்டுரைக்கு மதிப்பெண் சொல்வதில் ஜெபசிங்கை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதற்காக அவன் ஒரு வாரம்கூடப் படியிறங்கியதில்லை. நஸீமாவின் கட்டுரைக்கோ முதல் பதினோரு வாரமும் அவன்தான் தூக்குவாளியோடு இறங்கினான். மூன்று விழும் கட்டுரைக்கு நாலரை போடுவான்.

"நீ வாத்தியாராப் போனா எல்லாப் பயலும் பாஸ்" என்று நஸீமா சிரிப்பாள்.

செண்பகவல்லி வேறு மாதிரி. அவள் மூன்று என்றால் சாரும் மூன்றுதான் போடுவார். பதினோராவது வாரமும் அப்படியே ஆனது. ஆனால் அன்று நஸீமாவால் சிரிக்க முடியவில்லை.

காரணம் இருந்தது. கடற்பாசி ஆராய்ச்சிக்காக வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு அவள் எழுதியிருந்தாள். அவரிடம் இருந்தது ஒரே இடம். கட்டுரையில் நாலு வாங்கி யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு அந்த இடம், மாதக் கடைசி வரைதான் காத்திருப்பேன் என்று அவர் பதில் போட்டிருந்தார். தேர்வுக்கு ஆறாம் தேதியும் உண்டு, இருபத்துநாலாம் தேதியும் உண்டு. ஆறாம் தேதி எழுதினால் முந்திக்கொள்ளலாம். ஆனால் தவறினால் முப்பது நாள் மறுபடி எழுத விடமாட்டார்கள். இருபத்துநாலு என்றால் இன்னும் மூன்று வாரம் படிக்கலாம்.

அந்த ஆத்திரத்தில் நஸீமா வாயை விட்டுவிட்டாள். "நான் போயிருவேனோன்னு உனக்குப் பொறாமைட்டி."

செண்பகவல்லி சீட்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டாள்.

பன்னிரண்டாவது ஞாயிறு சார் வரவில்லை. மகளின் பிரசவத்துக்காக நாகர்கோவில் போயிருந்தார். ஆறாம் தேதியே எழுதலாமா என்று நஸீமா போனில் கேட்டபோது, "தாராளமா எழுதும்மா, நாலு வந்துரும்" என்றார். அந்த வாரக் கட்டுரையை அவர் பார்க்கவே இல்லை.

இருந்தாலும் மூவரும் விளையாட்டை விடவில்லை. நஸீமா கடிகாரம் வைத்து எழுதினாள். ஜெபசிங் மளமளவென்று சீட்டு எழுதினான். செண்பகவல்லி பென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எழுதினாள், ரப்பரால் அழித்தாள், திரும்ப எழுதினாள்.

நஸீமா ஜெபசிங்கின் சீட்டைப் பிரித்தாள். நாலரை. சிரித்துவிட்டு ஓரமாகப் போட்டாள். பிறகு செண்பகவல்லியின் சீட்டைப் பிரித்தாள். நாலு.

"நெஜமாவா?" என்றாள்.

"அதான் எழுதியிருக்கேம்லா" என்றாள் செண்பகவல்லி.

நஸீமா அந்த இடத்திலேயே போனை எடுத்து ஆறாம் தேதிக்குப் பதிவு செய்தாள். சீட்டைப் பர்ஸுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

முடிவு வந்தது. கட்டுரைக்கு மூன்று. மாதக் கடைசியில் இடம் வேறொருவருக்குப் போனது. அடுத்த ஞாயிறு நஸீமா மாடிக்கு வந்து, பர்ஸிலிருந்த சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நாலுக்கு அடியில், அழித்த தடமாக, ஒரு மூன்று தெரிந்தது.

"உன் மனசுல மூணுதான வந்துச்சு?"

"ஆமா."

"பின்ன ஏன் மாத்துன?"

"மறுபடியும் பொறாமைன்னு சொல்லுவன்னுதான்."

ஜெபசிங் குறுக்கே வந்தான். "நானும் கூட்டித்தான போட்டேன். என்னையும் திட்டு."

நஸீமா அவனைத் திட்டவில்லை. நாகர்கோவிலிலிருந்து திரும்பியிருந்த சார் நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். சட்டப்படி அதிகம் தவறியவன் ஜெபசிங்தான். அவன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இறங்கினான். நாலு பேருக்கும் டீ வாங்கித் திரும்பியபோது நஸீமா அங்கே இல்லை.

ஒன்றரை மதிப்பெண் கூட்டிப் போட்டான் ஜெபசிங். ஒன்று கூட்டிப் போட்டாள் செண்பகவல்லி. படிக்காமலே வாக்குக் கொடுத்தார் சார். இந்த மூவரில் நஸீமாவுக்குத் துரோகம் செய்தது யார்?

விடை: செண்பகவல்லி. ஜெபசிங் கூட்டித்தான் போடுவான் என்பது பதினோரு வாரமாக டீ குடித்த நஸீமாவுக்குத் தெரியும். அதனால்தான் அவன் சீட்டைச் சிரித்துவிட்டு ஓரமாகப் போட்டாள். சார் சொன்னது பொறுப்பில்லாத பேச்சு, ஆனால் அவர் கட்டுரையைப் படிக்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்ததே. அவள் ஆறாம் தேதியைக் குறித்தது செண்பகவல்லியின் சீட்டைப் பார்த்து மட்டும்தான், அது செண்பகவல்லிக்கும் தெரியும். பொறாமை என்று சொன்னது நஸீமாவின் வாய்த் தப்புதான். அதற்காகச் செண்பகவல்லி சண்டை போட்டிருக்கலாம், சீட்டே எழுதமாட்டேன் என்று எழுந்து போயிருக்கலாம். அவளோ தன்மேல் பழி வராமல் பார்த்துக்கொண்டாள். ஜெபசிங்கோடு நஸீமா இன்றும் பேசுகிறாள். அந்தச் சீட்டு இன்னும் அவள் பர்ஸில்தான் இருக்கிறது.