கழிமுகத்தில் ஒரு ரசமட்டம்

"கடைசி இழைப்புக்குக் கை வரமாட்டேங்குது, தாயி," என்றார் பிரமநாயகம் ஆசாரி.

பெர்பெத்தம்மாள் மீனுக்குச் செதிள் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எந்த வேலைக்கு?"

"எந்த வேலைக்குமே. அறுத்துருவேன். இழைச்சுருவேன். முடிக்கிற நேரத்துல கை நடுங்குது. தூக்கி மூலையில சாத்திருதேன்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

உப்பளங்களுக்கு அப்பால், கழிமுகத்தில், அவளுடைய பாய்மரப் படகு நின்றது. ஒரு காலத்தில் தீவுகளுக்குத் தேங்காய் ஏற்றிய படகு. இப்போது அதன் கீழறையில் அவள் சமைத்தாள், தூங்கினாள், வந்தவர்களின் கவலையைக் கேட்டாள். ஆசாரியைவிடப் பத்து வயது இளையவள். அவள் யாருக்கும் புத்தி சொன்னதாகத் தகவல் இல்லை. ஆனாலும் மனசு சரியில்லாதவர்கள் சேறு மிதித்து அவளிடம்தான் போனார்கள்.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி என்ன நடந்துச்சு?"

"கல்யாண ஊஞ்சல் ஒண்ணு செஞ்சேன். தேக்கு. மயிரிழை பிசகாத அளவு. மாப்பிள்ளையும் பொண்ணும் உக்காந்தாங்க. பலகை நடுவுல விட்டுப் போச்சு. ரெண்டு பேரும் மணல்ல."

"அடியா?"

"இல்ல. பந்தலே சிரிச்சுது. மாப்பிள்ளையும் சிரிச்சான்."

"நீரு?"

ஆசாரி உதிர்ந்து கிடந்த ஒரு மீன் செதிளை எடுத்து நகத்தால் கீறினார்.

பிறகு வீட்டு விஷயத்தையும் சொன்னார். பழைய கதவைக் கரையான் தின்றுவிட்டது. புதுசு செய்கிறேன் என்று கழற்றினார். இன்றுவரை மாட்டவில்லை. வாசலில் சேலைதான் தொங்குகிறது. போன மாதம் மனைவி உலகம்மாள் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். "எங்கிட்ட இருக்கிறதே ஆறு சேலை. அதுல ஒண்ணு கதவாயிட்டுது. கதவு கதவானப்புறம் சொல்லி அனுப்புங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெர்பெத்தம்மாள் கை கழுவினாள். பாவாடையைச் சற்றுத் தூக்கிக் காட்டினாள். முழங்காலுக்குக் கீழே நீளமாய்ச் சிராய்ப்பு.

"நேத்து கீழறைத் தரையில பலகை உடைஞ்சு கால் உள்ள போயிட்டுது. வெள்ளிக்கிழமை காத்து திரும்பும், நான் கிளம்பணும். தரையைப் போட்டுத் தாரும்."

"நான் உங்ககிட்ட மருந்து கேட்டு வந்தேன், தாயி."

"நான் அந்தோணியார்கிட்ட ஒரு ஆசாரி வேணும்னு வேண்டியிருந்தேன். எனக்கு வந்துட்டுது."

*

செவ்வாய்க்கிழமை காலையில் ஆசாரி கருவிப் பையோடு கீழறையில் இறங்கினார்.

ஏழு பலகை. எதிலும் ஆணி இல்லை. ஒவ்வொன்றிலும் விரல் நுழைய ஒரு துளை. தூக்கினார். கீழே படகின் அடிவயிறு. கறுத்த தண்ணீர், அதில் ஒரு கரண்டி, ஒரு ஜெபமாலை மணி, ஆறேழு மீன் செதிள்.

நான்கு பலகை நன்றாக இருந்தன. உடைந்ததையும் சேர்த்து மூன்று உளுத்திருந்தன. மேலே நல்ல மினுமினுப்பு. புரட்டினால் அடியில் கூழ்.

பலகை உட்காரும் குறுக்குச் சட்டத்தின்மேல் ரசமட்டத்தை வைத்தார். கண்ணாடிக் குழாயில் குமிழி நடுவில் நின்றால் மட்டம். நாற்பது வருஷமாக அவர் எந்தத் தரையையும் அதைக் கேட்டுத்தான் நம்பியிருக்கிறார்.

குமிழி இடது பக்கம் போனது. காத்திருந்தார். வலது பக்கம் போனது.

மேலே தலையை நீட்டினார்.

"தாயி, படகு அசையுது."

"அப்படியா?" என்றாள். எழுந்துபோய் இன்னொரு கயிறு கட்டினாள்.

குமிழி போய்வந்தது.

"இன்னமும் அசையுது."

இன்னொரு கயிறு கட்டினாள். முகத்தில் சிரிப்பே இல்லை. சாயங்காலம் படகைச் சுற்றி ஐந்து கயிறு. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், "என்ன, பெர்பெத்தக்கா, படகு ஓடிப்போகப் பார்க்குதா?" என்று கேட்டார்கள்.

ஒரு பலகைகூட அறுபடவில்லை.

*

புதன்கிழமை ஆசாரி வேறு யோசனையோடு வந்தார்.

"கரைக்கு இழுத்துருவோம். மணல்ல நின்னா அசையாது."

"மணல்ல இது வேற படகு, ஆசாரியாரே. தண்ணி சுத்திவரத் தாங்குறப்போ ஒரு உருவம். கரையில ஏத்தினா வயிறு தொங்கிரும். அங்க அளந்த பலகை இங்க உக்காராது."

"அப்போ எதை வச்சுத்தான் நான் மட்டம் பாக்க?"

கையிலிருந்த ரசமட்டத்தை நீட்டிக் காட்டினார்.

"சாப்பிட வாரும்," என்றாள்.

தரையில்லாத அறையில் இருவரும் எதிரெதிர் சட்டங்களில் உட்கார்ந்தார்கள். கால்களுக்குக் கீழே கறுப்புத் தண்ணீர். விளிம்புவரை கஞ்சி ஊற்றிய கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தாள். சுட்ட கருவாடு கொடுத்தாள்.

"அந்த ஊஞ்சல் ஏன் உடைஞ்சுது?"

"பலகைக்கு அடியில ஒரு கணு இருந்திருக்கு. சுத்திவர விரிசல். மேல வார்னிஷ் பளபளன்னு இருந்துச்சா, நான் புரட்டிப் பாக்கலை."

"அளவு?"

"அளவு சுத்தம்."

"ம்."

விசைப்படகு ஒன்று பக்கத்தில் கடந்து போனது. அதன் அலை வந்து தூக்கியது. அறை முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தது, சாய்ந்தபடி நின்றது, மெல்லத் திரும்பியது. மூலையிலிருந்த ரம்பம் சறுக்கிக்கொண்டு மறுமூலைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆசாரி கருவாட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"கஞ்சி சிந்திச்சா?"

கிண்ணத்தைப் பார்த்தார். விளிம்புவரை இருந்தது.

"இல்ல."

"குமிழியைப் பாத்தா உடம்பைச் சாய்ச்சீரு?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

அவள் எழுந்து பாத்திரங்களை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

ஆசாரி ரசமட்டத்தைச் சட்டத்தின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார். பிறகு உளுத்த பலகைகளில் ஒன்றை எடுத்தார். நடுவில்தான் போயிருந்தது, ஓரங்கள் அப்படியே இருந்தன. அவள் வாங்கி வைத்திருந்த அயினி மரப் பலகையை இழுத்தார். முதலில் புரட்டினார். விரல் முட்டியால் அடி நெடுகத் தட்டிக்கொண்டே போனார், காது வைத்துக் கேட்டார். பிறகுதான் பழையதை அதன்மேல் படுக்கவைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு கிழித்தார்.

கோட்டில் எந்தப் பக்கமும் நேர் இல்லை. ஒரு விளிம்பு படகின் இடுப்போடு வளைந்து போயிற்று. மூலைமட்டத்தை வைத்தால் ஒரு மூலைகூட அதற்குள் அடங்காது. இப்படி ஒரு கோணலை அவர் வாழ்நாளில் தெரிந்தே அறுத்ததில்லை.

அறுத்தார்.

*

வியாழக்கிழமை, மூன்று பலகைக்கும் கடைசி இழைப்பு வந்தது.

இழைப்புளியைப் பிடித்தார். கை நடுங்கியது. படகும் ஆடியது. எது கை, எது கடல் என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. கொஞ்ச நேரம் பிரிக்கப் பார்த்தார், விட்டுவிட்டார். மரச்சுருள் ஒன்று இழைப்புளியின் வாயிலிருந்து எழுந்து, முழுசாய், அறாமல், மடியில் விழுந்தது.

பலகைகளுக்கு இருபுறமும், அறுத்த முனைகளுக்கும் எண்ணெய் பூசினார். உப்புநீரில் ஊறினால் மரம் உப்பும் என்று பலகைக்குப் பலகை ஒரு காசின் கனம் இடம் விட்டார். முதல் பலகை உட்கார்ந்தது. இரண்டாவது உட்கார்ந்தது. மூன்றாவது உட்கார்ந்து, மிதித்தபோது 'டக்' என்றது.

ஆசாரி அதைத் தூக்கப்போனார். துளைக்குள் விரலை விட்டவர் அப்படியே நின்றார். பிறகு விரலை எடுத்துக்கொண்டு மேலே பார்த்துக் கூப்பிட்டார்.

"தாயி, வந்து மிதிச்சுப் பாருங்க."

பெர்பெத்தம்மாள் இறங்கி வந்தாள். முதல் பலகை, இரண்டாவது, மூன்றாவது. 'டக்.' சிராய்த்த காலை அதன்மேல் வைத்து முழு கனத்தோடும் ஒரு குதி குதித்தாள். கீழே தண்ணீர் களுக்கென்றது.

"உடையாதே?"

"உடையாது."

"எப்படித் தெரியும்?"

"அடியைப் பாத்தேன்."

அவள் தலையை ஆட்டினாள். அறைக்குள் புழுக்கமாக இருந்தது, மேலே காற்றுக்கு வைத்திருந்த சிறு மூடியைத் திறந்தாள். அது நிற்காமல் விழுந்தது. சுற்றிலும் பார்த்தாள். சட்டத்தின்மேல் கிடந்த ரசமட்டத்தை எடுத்து முட்டுக் கொடுத்தாள். காற்று வந்தது.

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு," என்றாள்.

முதன்முறையாக ஆசாரி சிரித்தார்.

மறுநாள் அவர் கரைக்கு வந்தபோது ஐந்து கயிறுகளும் அவிழ்ந்திருந்தன. படகு தூரத்தில், பாயை ஒரு பக்கமாய்ச் சாய்த்துக்கொண்டு, போய்க்கொண்டிருந்தது.

*

ஆசாரி சொல்லி அனுப்பி, ஞாயிற்றுக்கிழமை உலகம்மாள் வந்தாள். வாசலில் கதவு இருந்தது. அதற்கு முன்னால், யாரும் அவிழ்க்காத சேலையும் இருந்தது.

சேலையை ஒதுக்கிவிட்டுக் கதவைத் தள்ளினாள். திறந்தது. சாத்தினாள். மூடியது. நாலு எட்டு பின்வாங்கித் தெருவில் நின்று பார்த்தாள்.

"கோணலா இருக்கே."

"வீடும் அப்படித்தான்," என்றார் ஆசாரி.

உலகம்மாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வீட்டைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

பிறகு எட்டிச் சேலையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.